அவள் பெயரில் உள்ள இணைப்பு

6 ஜனவரி 1997, திங்கள்

கம்ப்யூட்டர் இன்று வீட்டுக்கு வந்தது. ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய பெட்டி. ஜவ்வரிசி மூட்டை ஏற்றும் வண்டியிலேயே போட்டு அனுப்பியிருந்தார்கள். கீபோர்டின் இடுக்கெல்லாம் மாவு. பாவாயி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு டிவிப் பொட்டியே தேவலைங்கய்யா, படமாச்சும் தெரியும்" என்றாள். பாவாயி என் மனைவி மனோன்மணியைப் பார்த்துக்கொள்ள வருகிறவள். காலையில் வந்து, மதியம் சோறு ஊட்டிவிட்டுப் போய்விடுவாள். அதற்கு மேல் நான்தான்.

ஜவ்வரிசி ஆலை முதலாளி சென்னியப்பன் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான். மார்ச் 31 வருடக் கணக்கை நான் வீட்டில் இருந்தபடியே, டெலிபோன் லைன் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய், முடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் இனி வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் ஏப்ரல் முதல் தேதி என் நாற்காலியில் வேறு ஆள். "உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் அர்த்தநாரி. ஆனா ஆலை நிக்காதுல்ல?" என்றார்.

அந்தக் கணக்கு புரோகிராமை எழுதியவனே நான். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து கற்றது. அதற்குப் பரிசாக, டிப்ளமா வாங்கிய ரகோத்தமனை சிஸ்டம்ஸ் மேனேஜர் என்று என் தலைக்கு மேல் உட்கார வைத்தார்கள். மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

9 ஜனவரி

மோடம் என்கிற சின்னப் பெட்டியை ஹாலில் டெலிபோன் பக்கத்தில் வைத்து இணைத்தேன். ஹாலில் ஒரு போன், அதே லைனில் படுக்கையறையில் இன்னொன்று. மனோன்மணி டெலிபோன் இலாகாவில் இருந்தவள். வெளியூர்க் கால்களை இணைத்துவிடும் சேலம் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகவே சேர்ந்து ஆபரேட்டராகவே ஓய்வு பெற்றாள். அந்த வகையில் கிடைத்த போன். இணைப்பு அவள் பெயரில் உள்ளது.

முதல் தடவை மோடம் ஆபீஸை அழைத்தபோது கீச்சென்று கத்தியது. படுக்கையறையிலிருந்து பாவாயி கூப்பிட்டாள். "ஐயா, அம்மா எந்திரிக்கப் பாக்குறாங்க!" ஓடிப் பார்த்தால், மனோன்மணி இடது கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஹால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தில் பயந்துவிட்டாள் போலிருக்கிறது. கதவைச் சாத்தினேன்.

இணைப்பு கிடைத்தது. ஆபீஸ் திரை அப்படியே என் வீட்டு ஹாலில் தெரிந்தது. ரகோத்தமனிடம் சொன்னேன். "சூப்பர் சார்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

17 ஜனவரி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரெஜினாம்மா வந்தார். ஐப்பசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து மனோன்மணிக்கு வலது பக்கமும் பேச்சும் இல்லை. படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். கரண்டிக்கு "கதவு" என்றாள். நான் "கரண்டி" என்றேன். சீப்புக்கு ஏதோ சொன்னாள். நான் "சீப்பு" என்றேன். அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் வாய் திறக்கவில்லை.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?"

"ஏம்மா, தப்பைத் தப்புன்னு சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

என் வீட்டில் என்னை வெளியில் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்தேன்.

22 ஜனவரி

லைன் அறுந்தது. திரையில் முதலில் கிறுக்கல்கள் வந்தன. அடைப்புக்குறி, வளைவு, புள்ளி, என்னவென்று சொல்ல முடியாத குறிகள். பிறகு தொடர்பு போய்விட்டது.

23 ஜனவரி

மறுபடியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

24 ஜனவரி

அதே. ரகோத்தமனுக்குப் போன் செய்து, ஆபீஸ் பக்கம் யாரோ ஒயரைத் தொடுகிறார்கள் என்றேன். யாரோ என்றுதான் சொன்னேன்.

"இங்க ஒண்ணும் இல்ல சார். வீட்ல பேரலல் போன் இருக்கா? அதை யாராவது எடுத்தா இப்படித்தான் கட் ஆகும்."

"இருக்கு. பெட்ரூம்ல. அங்க என் சம்சாரம் மட்டும்தான். அவளால பேச முடியாது. பேச முடியாதவ போனை எடுத்து என்ன செய்யப் போறா?"

 "சாரி சார்" என்றான். இருக்கட்டும்.

31 ஜனவரி

எக்ஸ்சேஞ்சுக்குப் புகார் எழுதினேன். சந்தாதாரர் கையெழுத்து வேண்டுமாம். மனோன்மணி இடது கையால் போட்டாள். கோணல்தான், ஆனால் படிக்க முடிகிறது. என் புகாரை அவள் வாசித்தாள் என்று நினைக்கிறேன். "மதிய வேளைகளில் இணைப்பு காரணமின்றித் துண்டிக்கப்படுகிறது" என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

4 பிப்ரவரி

லைன்மேன் வந்தார். கம்பத்திலிருந்து வீடு வரை சோதித்துவிட்டு லைன் சுத்தமாக இருக்கிறது என்றார். போகும்போது படுக்கையறை வாசலில் நின்று, "மேடம், வணக்கங்க. ட்ரங்க்ல இருந்தவங்கதானே? உங்க குரல் எங்களுக்கெல்லாம் பழக்கம்" என்றார். மனோன்மணி இடது கையைக் காதருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை.

காது வலி போலிருக்கிறது. சாயங்காலம் சொட்டு மருந்து வாங்கி வந்து விட்டேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். பிடித்துக்கொண்டு விட்டேன்.

12 பிப்ரவரி

அறுந்தது. எழுந்துபோய்ப் படுக்கையறை சுவரில் ஒயர் இணையும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மனோன்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, வேலை செய்துவிட்டு வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. போன் மேல் ரிசீவர் கோணலாக இருந்தது. பாவாயி துடைக்கும்போது ஒழுங்காக வைப்பதே இல்லை. நேராக்கி வைத்தேன்.

13 பிப்ரவரி

ரசம், கீரை, சோறு. சமையல் இப்போது எனக்குக் கைவந்துவிட்டது. மனோன்மணி பாதி வைத்துவிட்டாள். லைன் அறுந்தது.

20 பிப்ரவரி

முதலாளி போன் செய்தார். "என்னங்க அர்த்தநாரி, பாதி நாள் லைன் இல்லையாமே. மார்ச் முடிப்பு விளையாட்டு இல்லீங்க." ரகோத்தமன் சொல்லியிருப்பான். இல்லை, முதலாளி தாமாகவே கவனித்திருக்கிறாராம். நம்ப வேண்டுமென்றால் நம்பலாம்.

24 பிப்ரவரி

ரகோத்தமன் மறுபடியும், "சார், யாரையும் சொல்லல. ஒயர் பழசா இருக்கலாம். பெட்ரூம் போனை மட்டும் கழட்டிட்டுப் பாருங்களேன்" என்றான். அவன் சொன்னான் என்பதற்காக இல்லை. நானும் அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன். ஸ்க்ரூவைக் கழற்றி ஒயரை எடுத்துவிட்டு, போனை அலமாரியில் வைத்தேன். நான் கழற்றும்போது மனோன்மணி சத்தம் போட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

28 பிப்ரவரி

லைன் ஒரு தடவைகூட அறவில்லை. வெற்றி. மரவள்ளிக் கிழங்கு கொள்முதல் கணக்கு முழுவதும் ஏற்றியாகிவிட்டது. முதலாளி தாமே அழைத்து, "பரவால்லையே" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயால் வந்த பெரிய பாராட்டு இதுதான்.

மனோன்மணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். வெயில் காலம் தொடங்கிவிட்டது.

5 மார்ச்

ரெஜினாம்மா வந்து, உட்கார்ந்து, படங்களைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார்.

"சார், இவங்க யார்கூடப் பேசிட்டிருந்தாங்க?"

"யார்கூடயும் இல்லை. பேச்சே கிடையாதே."

"இல்ல சார். போன மாசம் எங்கிட்ட முழு முழு வாக்கியமா ஒண்ணு ரெண்டு வந்துச்சு. 'லைன்ல இருங்க'ன்னாங்க. பேச்சு போனவங்களுக்கு, வருஷக்கணக்காச் சொல்லிப் பழகினது மட்டும் உள்ளே தங்கியிருக்கும். அதைப் பிடிச்சுத்தான் மத்ததை மேல இழுக்கணும். யாரோ தினமும் பழக்கிவிடுறாங்கன்னு சந்தோஷப்பட்டேன். இப்ப ஒண்ணுமே இல்ல. என்ன மாறிச்சு வீட்ல?"

ஒன்றும் மாறவில்லை என்றேன்.

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பாவாயி எட்டிப் பார்த்தாள். "போனைக் கழட்டிட்டாருங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன பாவாயி?"

"அம்மா அதுலதானுங்களே பேசும்? நான் கெளம்புறப்போ அதைக் கையில எடுத்துக் குடுன்னு கண்ணைக் காட்டும். குடுப்பேன். அந்தக் கீச்சுச் சத்தத்தோட அது பாட்டுக்குப் பேசிட்டிருக்கும். நீங்கதான் அந்தாண்ட லைன்ல இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நானா?"

"பின்ன? புருசன் பொண்டாட்டி ஒரே வூட்டுக்குள்ள போன்ல கொஞ்சறாங்கன்னு எங்க தெருப் பூராவும் சொல்லிச் சிரிச்சேனே."

ரெஜினாம்மா சிரிக்கவில்லை. நானும்.

6 மார்ச்

பாவாயி சொன்னதை அப்படியே நம்பிவிட முடியாது. சோதித்துப் பார்க்க அலமாரியிலிருந்து போனை எடுத்து, ஒயரை மாட்டாமலே மனோன்மணியின் மடியில் வைத்தேன். ரிசீவரைப் பழகிய கையாக எடுத்தாள். இடது கைதான், ஆனாலும் பழகிய கை. காதில் வைத்தாள். உடனே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டெட்" என்றாள்.

தெளிவாக. ஐப்பசிக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் சரியான வார்த்தை.

7 மார்ச்

ஒயரை மாட்டினேன். மோடத்தை அணைத்தேன். மதியம் பாவாயி போன பிறகு ஹாலில் உட்கார்ந்து, இங்குள்ள போனைச் சத்தமில்லாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே எடுக்கப்பட்டது. டயல் டோனின் மேல் அவள் குரல்.

"சேலம் ட்ரங்க். எந்த ஊருங்க?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹலோ... பேசுங்க. பேசுங்க... பார்ட்டி பேசலைங்க."

கல்யாணமான புதிதில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் அவளுக்காகச் சைக்கிளோடு நிற்பேன். ஜன்னல் வழியாக இந்தக் குரல் வரும், மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை காலை நீட்டிக்கணுமா என்று யாரையாவது கேட்டுக்கொண்டு. எல்லோருடனும் இதே மரியாதையோடு பேசுகிறாளே, என்னோடு மட்டும் சண்டை போடுகிறாளே என்று அன்று குறைப்பட்டிருக்கிறேன். இன்று, தடங்கல் இல்லாமல், எழுத்து பிசகாமல் பேசினாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

பதில் வராததால் வைத்துவிட்டாள். நானும் வைத்தேன். காது மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

10 மார்ச்

காலையில் மட்டும் ஆபீஸ் இணைப்பு. மதியம் மோடம் அணைந்திருக்கும். ஏன் என்று கேட்டால் சூடாகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

15 மார்ச்

ரெஜினாம்மா சந்தோஷமாகப் போனார். மனோன்மணி அவரிடம் "வணக்கங்க" என்றாளாம். இரண்டாவது போன் இணைப்பு கேட்டுப் போனேன். எங்கள் தெருக் கம்பத்தில் காலி ஒயர் இல்லையாம், புதுக் கேபிள் வந்த பிறகு பார்க்கலாமாம். எப்போது வரும் என்றால் அவர்களுக்கே தெரியாது. மனோன்மணி இன்னும் இலாகாவில் இருந்திருந்தால் இப்படிப் பதில் சொல்லியிருப்பார்களா என்று மேஜையில் கேட்டுவிட்டு வந்தேன்.

22 மார்ச்

வேலை காலைக்குள் அடங்கவில்லை. மதியமும் மோடத்தைப் போட்டேன். ஸ்டார்ச் விற்பனைக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தபோது திரையில் கிறுக்கல்கள். அறுந்தது. பாதி ஏறிய கணக்கு கெட்டுவிட்டது. ரகோத்தமன் உட்கார்ந்து பழைய நகல் டேப்பிலிருந்து எடுத்துச் சரி செய்தான்.

"சார், பெட்ரூம் போனைத் திரும்ப மாட்டிட்டீங்களா?"

"ஆமாம்."

"ஏன் சார்? இன்னும் கொஞ்ச நாள்தானே? முடிச்சிட்டு மாட்டிக்கலாமே."

"என் வீடு. என் சௌகரியம்."

வீட்டுக் கதையை ஆபீஸில் போய் விரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.  அவன், "சரி சார். முதலாளிகிட்ட டேப் மக்கர் பண்ணுச்சுன்னு சொல்லிடறேன்" என்றான். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

27 மார்ச்

முதலாளி: "திங்கக்கெழமை சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருக்கணும். இல்லீன்னா நீங்க என்னைத் தப்பா நெனச்சுக்கக் கூடாது."

இதைவிட அதிகமாக உங்களைத் தப்பாக நினைக்க ஏதும் மிச்சமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வேலை போனால் மருந்துக்கும் ரெஜினாம்மாவுக்கும் வழி வேறு பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வாயை மூடினேன்.

30 மார்ச், ஞாயிறு

மனோன்மணி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "நாளைக்கு ஒரே ஒரு நாள், மதியம் போனை எடுக்காதே. கணக்கு முடிச்சிட்டா அப்புறம் நான் வீட்டோடதான் இருப்பேன். உனக்காகத்தான் இத்தனையும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தலை ஆட்டவில்லை. புரிந்துகொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சுவர்ப் பெட்டியிடம் போனேன். மேல் ஸ்க்ரூவைக் கழற்றினேன். அவள் ஒன்றும் சத்தம் போடவில்லை. இந்தத் தடவை சத்தமே போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்க்ரூவை மறுபடி முறுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

31 மார்ச், திங்கள்

காலையிலேயே உட்கார்ந்தேன். கொள்முதல், விற்பனை, கூலி, வண்டி வாடகை எல்லாம் ஒவ்வொன்றாக நேரானது. மிச்சம் இருந்தது கடைசி ஓட்டம் ஒன்றுதான். அதைத் தொடங்கினால் கம்ப்யூட்டர் தானே எல்லாவற்றையும் கூட்டி, சரிபார்த்து, வருடத்தை மூடிவிடும். நடுவில் லைன் போனால் எல்லாம் முதலிலிருந்து.

பாவாயி கிளம்பும்போது, "அம்மா கேட்டுச்சு, குடுத்துட்டேங்க. கையில வாங்கி மடியில வெச்சிருக்கு. இன்னும் எடுக்கல" என்றாள். "இன்னைக்கு எதுக்குக் கொடுத்தே?" என்று கத்தினேன். "கேட்டா குடுக்காம என்னங்கய்யா பண்றது? உங்களை மாதிரி எனக்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடைசி ஓட்டத்தைத் தொடங்கினேன். திரையில் கணக்குகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நகர்ந்தன. வெகுநேரம் நகர்ந்தன. அவள் எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்கிறாள் என்பது சுவர் தாண்டி எனக்குத் தெரிந்தது. மடியில் போனை வைத்துக்கொண்டு, நான் கேட்டதற்காக, எடுக்காமல் இருக்கிறாள்.

பிறகு திரையில் ஒரே ஒரு கிறுக்கல் வந்தது. அடுத்த வரியில் இன்னும் கொஞ்சம். எத்தனையோ நாள் இந்தக் குறிகளைப் பார்த்து எக்ஸ்சேஞ்சைத் திட்டியிருக்கிறேன், ரகோத்தமனைத் திட்டியிருக்கிறேன். வாய் திறந்து அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது என் கணக்குகளுக்கு நடுவே வந்து விழுகிறது.

லைன் இன்னும் அறவில்லை. மோடம் பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு சத்தம் போட்டால் அவள் வைத்துவிடுவாள். கணக்கு முடிந்துவிடும்.

மோடத்தை நான்தான் அணைத்தேன்.

ஹால் போனை எடுத்தபோது, அந்தப் பக்கம் ஆபீஸ் மோடம் கொஞ்சம் கத்திவிட்டு ஓய்ந்தது. 

"ஹலோ" என்றேன்.

மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக லைனில் ஆள். பிறகு அவள் குரல் நிமிர்ந்தது.

"சேலம் ட்ரங்க். எந்த ஊருங்க?"

என்ன சொல்வதென்று யோசித்து வைக்கவில்லை. "சேலம்" என்றேன்.

"லோக்கலுக்கு ட்ரங்க் எதுக்குங்க?"

"நேரா கூப்பிட்டா கிடைக்கலைங்க" என்றேன்.

"பார்ட்டி பேரு?"

"மனோன்மணி."

 ரிசீவரிலும், சுவருக்கு அப்பாலும் அமைதி. வைத்துவிட்டாளோ என்று பயந்தேன். ஒரு வார்த்தை அதிகம் சொல்லிக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"லைன்ல இருங்க."

இருந்தேன்.

"பேசுங்க."

இத்தனை மாதமாக மாத்திரை போட்டாயா, வலிக்கிறதா, இன்னும் ஒரு வாய் சாப்பிடு, இவற்றைத் தவிர அவளிடம் நான் பேசியது என்ன என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "நான்தான்" என்றேன்.

"ஏ... ங்க" என்றாள். இது ஆபரேட்டர் குரல் இல்லை. நாக்கு இழுத்து, இடறி, மேடு ஏறி வருகிற குரல். "ரசத்துல... சர்க்கரை... ஜாஸ்தி. தெ... தெனமும்."

உப்பைத்தான் சொல்கிறாள். உப்பு என்ற சொல் என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"குறைச்சுக்கறேன்" என்றேன்.

"ம்." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "கதவு... சாத்தாதீங்க."

"சரி."

"இருட்டா... வருது."

"சாத்தலை. இனிமே சாத்தலை."

அப்புறம் நிறைய சொன்னாள். பாதி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட மாதிரியே "ஆமாம்" போட்டேன். வெளியில் ஆபீஸ் ஜீப் வந்து நின்று ஹார்ன் அடித்தது. ரகோத்தமனாகத்தான் இருக்கும். லைன் எங்கேஜ்டு என்று பார்த்துவிட்டு நேரில் வந்திருப்பான். கேட்டைத் திறக்கும் சத்தமும் கேட்டது. மேஜையில், திரைக் கணக்கு அறுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, வருடம் மூடாமல்.

அவள் பேச்சு நடுவில் நின்றது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, பிசிறில்லாமல், யாரோ முன்பின் தெரியாதவருக்குச் சொல்வது போல:

"மூணு நிமிஷம் ஆச்சுங்க. நீட்டிக்கணுங்களா?"

ரகோத்தமன் வாசலில் வந்து நின்றான். கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னேன். ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு, "நீட்டிக்கணுங்க" என்றேன்.